பழைய ஓட்டோமெட்டிக் மணிக்கூடு பழுதானா: டயலக் கெடுக்காம கோளாறு கண்டுபிடிக்கிறது

மாரி தொடங்கி ரெண்டு பெருமழை பெய்ஞ்சாப் போதும், மட்டக்களப்பில பழைய மணிக்கூடு வெச்சிரிக்கிற ஆக்கள் ஒவ்வொருத்தரா வரத் தொடங்குவாங்க. கண்ணாடிக்குள்ள பனி புடிச்சிரிக்கு, ராவைக்கு நிண்டு போகுது, டயல்ல கறுப்புப் புள்ளி வந்திரிக்கு இதத் துடைக்கலாமா எண்டு. போன கிழமையும் ஆரையம்பதியில இருந்து ஒரு தம்பி அவர்ர மாமாட சீக்கோ 5 ஒண்டத் தூக்கிட்டு வந்தார். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லிச் சொல்லி ஏதாவது ஒண்டு விட்டுப் போகுது, அதால எனக்குத் தெரிஞ்சதெல்லாத்தையும் ஒரு இடத்தில எழுதி வெக்கிறன், உங்கட மணிக்கூட்டுக்கு என்ன குணம் காட்டுதோ அந்த இடத்துக்கு நேராப் போய் வாசிங்க.

எங்கட பக்கத்தில கிடைக்கிற பழைய ஓட்டோமெட்டிக்ல கனக்க சாமான் எழுபதுகளின்ட கடைசியிலயும் எண்பதுகள்லயும் சவூதி, குவைத், கட்டார் எண்டு வேலைக்குப் போன ஆக்கள் கையில கட்டிட்டு வந்தது. சீக்கோ 5, சிட்டிசன், ஓரியன்ட், றிக்கோ, கொஞ்சம் வசதியான வீட்ட ராடோ. சில சீக்கோவில கிழமை இங்கிலீசிலயும் அரபிலயும் மாறி மாறி வரும், அதக் கண்டா அந்த மணிக்கூடு எந்தக் கடல் தாண்டி வந்ததெண்டு கேக்கத் தேவல்ல. என்ட அப்பாவும் அப்பிடித்தான், 1978 நவம்பர் 23 சூறாவளியில தென்னையெல்லாம் பாறி விழுந்த பிறகு குவைத்துக்குப் போனவர், 82ல வரக்குள்ள ஒரு சீக்கோ 5 கட்டிட்டு வந்தவர். வெள்ளி நிற டயல். இண்டைக்கு அது நல்ல தேன் நிறம்.

தொடங்க முந்தி ஒண்டு சொல்லோணும். இந்த மணிக்கூடுகள்ட மெசினுக்குப் பாகம் தேடினா எங்கயாவது கிடைக்கும், இல்லாட்டி அதே மெசின் உள்ள இன்னொரு பழுதான மணிக்கூட்டில இருந்து கழட்டலாம். நாப்பது வருசம் வெயிலும் காத்தும் பட்டுத் தானாப் பழுத்த டயல் திரும்பக் கிடைக்கவே கிடைக்காது. அதால கீழ நான் சொல்ற ஒவ்வொரு சோதனையும் டயலத் தொடாமச் செய்யிற ஒழுங்கிலதான் இரிக்கு, தொடவேண்டி வாற இடத்தில நிப்பாட்டிருங்க.

கழட்டி வெச்சா விடியக்குள்ள நிண்டிரிக்கு

முதல்ல பழுதெண்டு முடிவெடுக்காதீங்க. ஓட்டோமெட்டிக் கை ஆடினாத்தான் சாவி ஏறும், கதிரையில இருந்து வேலை செய்யிற ஆள், அல்லது வீட்டில ஓய்வா இரிக்கிற வயசான ஆள் கட்டினா அது வயிறு நிறையாமத்தான் ராவைக்குப் படுக்கப் போகுது. நல்ல நிலையில உள்ள சீக்கோ முழுசா சாவி ஏறினா நாப்பது மணித்தியாலம் அளவில ஓடும். 7009, 6309, 7S26 எண்டு இலக்கம் உள்ள சீக்கோ மெசினுகள் திருகியச் (பக்கத்தில இரிக்கிற சின்னக் குமிழச்) சுத்திச் சாவி குடுக்கிற மாதிரிச் செய்யப்படல்ல, சுத்தினாலும் ஒண்டும் நடக்காது, நான் எத்தின பேர் மணிக்கணக்கா அதத் திருகிட்டு இருந்ததக் கண்டிரிக்கன். சிட்டிசன்ட 8200 மெசினுக்குத் திருகியால சாவி குடுக்கலாம். சீக்கோவுக்கெண்டா படுக்கையாப் பிடிச்சு இடமும் வலமுமா ஒரு அரை நிமிசம் ஆட்டுங்க, மேலயும் கீழயும் குலுக்காதீங்க, பிறகு கையில கட்டி எட்டுப் பத்து மணித்தியாலம் வழமையான வேலை செய்ங்க, கழட்டின நேரத்த எழுதி வைங்க, நிண்ட நேரத்தயும் எழுதி வைங்க.

இருபது மணித்தியாலத்துக்குக் குறைவா நிண்டா இனிப் பின்மூடியத் திறக்கலாம். திறக்க முந்தி வெளிப்பக்கம் மூடியச் சுத்தியிரிக்கிற பச்சையும் கறுப்புமான ஊத்தையப் பல்லுக்குத்தியாலயும் மெல்லிய பிரசாலயும் எடுத்திருங்க, அது வேர்வையும் தோலும் உப்பும் சேந்த சாமான், திறக்கக்குள்ள உள்ளுக்கு விழுந்தா மெசின் பாவம். ரோட்டர, அதாவது கை ஆடக்குள்ள சுத்திற பாரமான அரைவட்டத் தகட்ட, ஒரு பக்கம் தள்ளினா கீழ ஒரு பெரிய சில்லும் அதுக்கு நடுவில ஒரு திருகாணியும் தெரியும், மெயின் ஸ்பிரிங்க, அதாவது மணிக்கூட்ட ஓட வைக்கிற பெரிய சுருள, சுத்திற சில்லு அதுதான். சரியான அளவு திருப்புளியால அந்தத் திருகாணியச் சாவி ஏறிற பக்கம் மெதுவா ஒரு எட்டுச் சுத்துச் சுத்திட்டு மூடி, கையில கட்டாம மேசையில வைங்க.

அப்பிடி வெச்சு நாப்பது மணித்தியாலம் ஓடினா மெயின் ஸ்பிரிங்கும் மற்றச் சில்லுகளும் நல்லம், ரோட்டரில இருந்து சாவி ஏறிற பாதையிலதான் தேய்வு. சீக்கோவில அந்த வேலைய ரெண்டு கொக்கிக் கை உள்ள ஒரு சின்ன லீவர் செய்யுது, மெஜிக் லீவர் எண்டு 1959ல கொண்டு வந்தது, அந்தக் கொக்கி தேய்ஞ்சிருக்கும், இல்லாட்டி ஊத்தையில இறுகியிருக்கும். கழுவிப் போட்டாலே கனக்க மணிக்கூட்டுக்குச் சரிவரும். அப்பிடிச் சுத்தியும் கெதியா நிண்டா எண்ணெய் காய்ஞ்சிட்டுது, அல்லது மெயின் ஸ்பிரிங் களைச்சிட்டுது, முழுச் சேர்விஸ் தேவை.

எப்ப பாத்தாலும் ஒரே இடத்தில நிக்குது

இதக் கவனிக்கிறவங்க குறைவு, ஆனா டயல் சேர்க்கிறவங்களுக்கு இதுதான் மிச்சம் முக்கியமான குணம். நிண்ட ஒவ்வொரு தரமும் நேரத்த எழுதி வைங்க. ஒரு தரம் நாலேகால், இன்னொரு தரம் பத்து இருபது எண்டு கண்டபடி நிண்டா மெசின். எப்பவும் ரெண்டு மணிக்குக் கிட்ட, அல்லது எப்பவும் ரெண்டு கம்பியும் (முள்ளும்) ஒண்டுக்கு மேல ஒண்டு வாற நேரத்தில நிண்டா கம்பி எங்கயோ உரசுது. புது மணிக்கூட்டில அது கம்பி வளைஞ்சது மட்டுமாத்தான் இருக்கும். பழசில இன்னொண்டும் இரிக்கு, டயலுக்கு மேல பூசின வார்னிஷ் ஈரத்தில பொங்கி ஒரு சின்னக் கொப்பளம் வந்திருக்கும், மணிக்கம்பி அதில போய் இடிக்கும். அல்லது இருட்டில ஒளிர்ற பொட்டில இருந்து ஒரு துணிக்கை உடைஞ்சு கம்பிக்குக் கீழ கிடக்கும்.

பக்கவாட்டில ஒரு டோச் அடிச்சு, உருப்பெருக்கிக் கண்ணாடியால டயல் மட்டத்துக்குக் கண்ணக் கொண்டு போய்ப் பாருங்க. கொப்பளமெண்டா அத அமத்தப் பாக்காதீங்க, அமத்தினா ஒரு செதில் அப்பிடியே கழண்டு வந்திரும், அது பிறகு மெசினுக்குள்ள விழுந்து இன்னொரு பழுதாகும். கம்பியக் கழட்டி ஒரு மயிரளவு உயர்த்திப் போடலாம், தெரிஞ்ச ஆள் அஞ்சு நிமிசத்தில செய்வார், டயல் அப்பிடியே இருக்கும்.

சடாரெண்டு முந்தத் தொடங்கிட்டுது, நாளைக்கு பத்துப் பதினஞ்சு நிமிசம்

நேத்து வரைக்கும் நல்லா ஓடின மணிக்கூடு இண்டைக்கு இப்பிடி முந்தினா முதல்ல காந்தத்தச் சந்தேகப்படுங்க. போன் ஸ்பீக்கர், காந்தப் பூட்டு உள்ள போன் கவர், ஆட்டோவில பின்னுக்கு வெச்சிரிக்கிற பெரிய ஸ்பீக்கர் பெட்டி, இப்பிடி எல்லா இடத்திலயும் காந்தம்தான். ஹேர் ஸ்பிரிங்கில, அதாவது மணிக்கூட்டின்ட வேகத்த நடத்திற மயிர் மாதிரி மெல்லிய சுருள்ல, காந்தம் ஏறினா அதின்ட சுத்துகள் ஒண்டோட ஒண்டு ஒட்டும், ஸ்பிரிங் நீளம் குறைஞ்ச மாதிரி ஆகும், அதால வேகமா அடிக்கும். ஒரு சின்னத் திசைகாட்டிக்குக் கிட்ட மணிக்கூட்டக் கொண்டு போங்க, ஊசி வாலாட்டினா காந்தம் ஏறியிரிக்கு. காந்தம் எடுக்கிற சின்னப் பெட்டி விலை பெரிசில்ல, மணிக்கூட்ட அதுக்கு மேல வெச்சுப் பொத்தான அமத்தி, அமத்தினபடியே மெதுவா ஒரு முழம் தூரத்துக்குத் தூக்கிட்டுப் பிறகு கையெடுங்க. டயலுக்கு இதால ஒண்டும் ஆகாது.

காந்தம் எடுத்தும் முந்தினா ஹேர் ஸ்பிரிங்கில எண்ணெய் பட்டு ஒட்டியிரிக்கு. கண்ட எண்ணெயும் விடுற இடத்தில திருத்தின மணிக்கூட்டுக்கு இது நடக்கும். தையல் மெசின் எண்ணெய் மணிக்கூட்டுக்கு ஆகாது, அது நிக்க வேண்டிய இடத்தில நிக்காம ஓடிப் பரவும், சில நேரம் டயலுக்குப் பின்னால வந்து கிழமைத் தட்டிலயும் எண்ணெய்க் கறை விழும்.

பிந்துறது வேற கதை, பெரும்பாலும் காய்ஞ்ச எண்ணெய்தான். போனில மணிக்கூட்டுச் சத்தத்தக் கேட்டு அளக்கிற அப் இரிக்கு, சீக்கோ 7009, 6309, 7S26 மூண்டும் ஒரு மணித்தியாலத்துக்கு 21,600 அடி, அதாவது செக்கனுக்கு 6. அப் காட்டிற வீச்சுக் கோணம் (உள்ளுக்கு ஆடிற சில்லு எவ்வளவு தூரம் ஆடுதெண்டது) 250 பாகைக்கு மேல எண்டா பழசுக்கு அது நல்ல சுகம், 200க்குக் கீழ எண்டா கழுவி எண்ணெய் போடுற காலம் வந்திட்டுது. செக்கன் கம்பி ஒழுங்கா ஓடுது, நேரம் மட்டும் பின்னுக்கு நிக்குது எண்டா நிமிசக் கம்பியத் தாங்கிற குழாய் தளர்ந்திட்டுது, சின்ன வேலை.

கண்ணாடிக்குள்ள பனி

இதுதான் எங்கட ஊர் நோய். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில நாங்க, கார்த்திகை மார்கழியில காயப் போட்ட உடுப்பே மூண்டு நாளைக்குக் காயாது, நாப்பது வருசத்து ரப்பர் வோசர் எப்பிடித் தாங்கும். பின்மூடியில தண்ணி போகாதெண்டு எழுதியிரிக்கே எண்டு கேப்பாங்க, அது எழுதின காலத்தில உண்மை. வோசர் இறுகிப் பிளாஸ்டிக் மாதிரி ஆகிட்டா அந்த எழுத்தால ஒரு பிரயோசனமும் இல்ல.

பனி கண்ட உடன செய்யக் கூடாதது மூண்டு. வெயில்ல வெக்காதீங்க, சூட்டில உள்ளுக்கிரிக்கிற ஈரம் ஆவியாகி டயலுக்கும் வார்னிஷுக்கும் இடையில போகும், மணிக்கூடு ஆறினதும் அங்கயே தங்கிரும், கொப்பளம் வாறது அப்பிடித்தான். முடி காய வைக்கிற மெசினால சூடு அடிக்காதீங்க, அதே காரணம். அரிசிக்குள்ள புதைக்காதீங்க, போனுக்குச் செய்யிற மாதிரி இதுக்கும் செய்யிறாங்க, அரிசித் தூள் உள்ளுக்குப் போனா ஈரத்தோட சேந்து பசையாகிரும்.

செய்ய வேண்டியது, அதே நாள் பின்மூடியத் திறந்து, காத்துப் போகாத ஒரு சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் ஒரு கை நிறையப் போட்டு, மணிக்கூட்டத் திறந்தபடியே ஒரு சுத்தமான துணியில வெச்சுப் பெட்டிய மூடி ஒரு நாள் விடுங்க. பிறகு வோசர் புதுசு போடோணும், பின்மூடி வோசர் மட்டும் இல்ல, திருகிக்குள்ளயும் ஒரு சின்ன வோசர் இரிக்கு, ஆக்கள் அத மறந்திருவாங்க. சீக்கோ 5ல திருகி 4 மணிப் பக்கம், ஈரம் அங்கால வந்தா டயல்லயும் 4 மணிக்குக் கிட்டத்தான் முதல் புள்ளி விழும், மற்ற மணிக்கூட்டில 3 மணிக்குக் கிட்ட. அதால புள்ளி எங்க விழுந்திரிக்கெண்டு பாத்தா வாசல் எங்கயெண்டு விளங்கும். டயலச் சுத்தி ஓரமெல்லாம் ஒரே மாதிரிக் கறுத்திருந்தா கண்ணாடிப் பக்கமா வந்திரிக்கு.

வோசர் மாத்தின பிறகு சரிவந்ததா எண்டு பாக்க ஒரு சோதனை: மணிக்கூட்டக் கையில கட்டி உடம்புச் சூடு வரட்டும், பிறகு கண்ணாடிக்கு மேல குளிர்ந்த தண்ணி ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிசம் பொறுத்துத் துடைச்சுப் பாருங்க. துடைச்ச இடத்துக்குக் கீழ உள்பக்கம் மங்கல் நிண்டா இன்னும் ஈரம் உள்ளுக்கிரிக்கு.

டயல் நிறம் மாறுது, புள்ளி வருது

இனித்தான் முக்கியமான இடம். முதல்ல என்ட அப்பாட மணிக்கூட்டுக்கு நடந்ததச் சொல்றன். 2009ல அத ஒரு கடையில சேர்விசுக்குக் குடுத்தன், எந்தக் கடையெண்டு சொல்லப் போறதில்ல. நான் டயலப் பத்தி ஒண்டும் சொல்லாம வந்திட்டன். எடுக்கப் போகக்குள்ள அவர் சந்தோசமாச் சொன்னார், அண்ணன் டயலும் துடைச்சுக் குடுத்திரிக்கன் எண்டு. ஓட்டோமெட்டிக் எண்ட எழுத்தில கடைசி நாலு எழுத்து இல்ல. ஈரத் துணியால ஒருக்கா இழுத்திருப்பார், பழைய வார்னிஷ் போயிட்டுது, எழுத்து அதோட போயிட்டுது. அப்பா அப்ப உயிரோட இருந்தார், பாத்திட்டு ஒண்டும் சொல்லல்ல, கையில கட்டிட்டார். நான் தான் ரெண்டு நாள் சரியாச் சாப்பிடல்ல. அதுக்குப் பிறகு எந்த மணிக்கூடு யாரிட்டக் குடுத்தாலும் ஒரு துண்டுக் கடதாசியில டயலத் தொடவேணாம் எண்டு எழுதி மணிக்கூட்டோட கட்டித்தான் குடுக்கிறன், நீங்களும் செய்ங்க.

ஏன் இவ்வளவு மெலிசு எண்டா, டயல் எண்டுறது ஒரு பித்தளைத் தகடு, அதுக்கு மேல வெள்ளிப் பூச்சோ பெயின்டோ, அதுக்கு மேல எழுத்து, எல்லாத்துக்கும் மேல மெல்லிய வார்னிஷ். சிலதில எழுத்து வார்னிஷுக்கும் மேல. நிறம் மாறுறது எந்தப் படையில நடக்குதெண்டு தெரிஞ்சாத்தான் அது பழுத்ததா அழுகுறதா எண்டு சொல்லலாம்.

வெள்ளி டயல் ஒரே சீராத் தேன் நிறமாகவோ பழைய கடதாசி நிறமாகவோ வந்திரிக்கெண்டா வார்னிஷ் வெளிச்சத்தில மஞ்சளாகியிரிக்கு, ஒரு கேடும் இல்ல, ஒண்டும் செய்யத் தேவல்ல. கறுப்பு டயல் மண்ணிறமா, பால் விடாத தேத்தண்ணி நிறமா மாறியிருந்தா அது இன்னும் அபூர்வம், ஐம்பது அறுபதுகள்ல வந்த சில கறுப்புப் பெயின்டுகள் வெயிலத் தாங்காம அப்பிடி ஆகின, உலகம் முழுக்கச் சேர்க்கிற ஆக்கள் அதத்தான் தேடுறாங்க. சிலந்தி வலை மாதிரி மெல்லிய வெடிப்பு வந்திருந்தா வார்னிஷ் காய்ஞ்சு சுருங்கினது, செதில் எழும்பாட்டி அதுவும் அப்பிடியே நிக்கும்.

பயப்பட வேண்டியது வேற. பச்சை நிறத்தில ஒரு புள்ளி, அதுவும் ஓரத்திலயோ மணிப் பொட்டு குத்தியிரிக்கிற கால்ச் சந்திலயோ கண்டா, ஈரம் பித்தளை வரைக்கும் போயிட்டுது, பித்தளையிலிரிக்கிற செம்பு பூக்குது. அது உயிரோட இரிக்கிற நோய். வெள்ளையா பஞ்சு மாதிரி இருந்தா பூஞ்சணம். கறுப்புப் புள்ளி ரெண்டு மாதிரியும் இருக்கலாம், அம்பது வருசத்துக்கு முந்தி வந்து செத்துப் போனதாயும் இருக்கலாம், போன மாரியில வந்து இப்ப வளர்றதாயும் இருக்கலாம்.

எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? நான் செய்யிறது, ஒவ்வொரு மாசமும் முதலாம் திகதி, விடிய எட்டு மணிக்கு, ஒரே யன்னலுக்குக் கிட்ட, ஒரே தூரத்தில ஒரு போட்டோ. மூண்டு மாசத்துப் படத்தப் பக்கத்தில பக்கத்தில வெச்சுப் பாத்தாப் புள்ளி வளருதா இல்லையா எண்டு கண்ணால காணலாம். வளராட்டி அத விடுங்க, அது அந்த மணிக்கூட்டின்ட வாழ்க்கையில ஒரு பகுதி. வளர்ந்தா ஈரத்த நிப்பாட்டுங்க, வோசர், கண்ணாடி, சிலிக்கா ஜெல். ஈரம் நிண்டாப் புள்ளியும் நிக்கும். புள்ளிய அழிக்கிற எண்டு தண்ணி, பற்பசை, மூக்குக்கண்ணாடி துடைக்கிற மருந்து, ஸ்பிரிட், தேசிக்காய், இதில எது பட்டாலும் டயல் போச்சு. தூசி எண்டா ரப்பர்ப் பந்தால ஊதுங்க, வாயால ஊதாதீங்க, எச்சில் தெறிக்கும்.

மெசின் கழுவக் குடுக்கக்குள்ள இன்னொண்டு கேளுங்க. டயலக் கழட்டிட்டுத்தானே கழுவுவீங்க எண்டு. சில இடத்தில பெற்றோல் தொட்டு டயல் இருக்கத்தக்கதா மெசினத் துடைப்பாங்க. ஸ்பிரிட்டும் கவனம், மெசினுக்குள்ள ஒரு பாகத்தில மாணிக்கக் கல்ல அரக்கு வெச்சு ஒட்டியிருக்கும், ஸ்பிரிட்டில ஊற வெச்சா அரக்குக் கரைஞ்சு கல் கழண்டிரும். எனக்கு இதெல்லாம் சொல்லித் தந்தது காத்தான்குடியில ஒரு வயசான காக்கா (முஸ்லிம் அண்ணன்மார எங்கட பக்கத்தில அப்பிடித்தான் கூப்பிடுறது), நாப்பது வருசத்துக்கு மேல இந்த வேலை. அவர் ஒவ்வொரு மணிக்கூட்டிலயும் பின்மூடி உள்பக்கம் ஊசியால திகதி கீறி விடுவார். உங்கட மணிக்கூட்டிலயும் பாருங்க, முந்தித் திருத்தின ஆக்கள்ட கீறல் இருக்கும், கடைசியா எப்ப எண்ணெய் போட்டதெண்டு அதில இருந்து தெரியும்.

பழசு மாதிரித்தான் இரிக்கு, ஆனா மனசுக்குச் சரியாப் படல்ல

வாங்க முந்தி இதப் பாருங்க. தானாப் பழுத்த டயல்ல வெளிச்சம் படாத இடம் பழுக்காது. கேசுக்குக் கீழ மறைஞ்சிரிக்கிற ஓரத்தில ஒரு மெல்லிய வட்டம் முதல் நிறத்திலயே இருக்கும், டயலக் கழட்டக்குள்ள காணலாம். தேயிலைச் சாயத்தில தோய்ச்சோ போறணையில சுட்டோ பழசாக்கினதுக்கு ஓரமும் நடுவும் ஒரே நிறம்.

டயல்ட அடியில, 6 மணிக்குக் கீழ சின்னதா ஜப்பான் எண்டும் ஒரு இலக்கமும் அச்சடிச்சிருக்கும், அதின்ட முதல் நாலு இலக்கமும் பின்மூடியில இரிக்கிற முதல் நாலு இலக்கமும் பொருந்தோணும், அது ரெண்டும் உள்ளுக்கிரிக்கிற மெசினோட பொருந்தோணும். அப்பாட மணிக்கூட்டில மூண்டிலயும் 7009. பின்மூடியில தனியா இரிக்கிற தொடர் இலக்கத்தில முதல் எழுத்து வருசத்தின்ட கடைசி இலக்கம், ரெண்டாவது மாசம், 1 இல இருந்து 9 வரைக்கும் இலக்கம், ஒக்டோபருக்கு ஓ, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. அப்பாடது 1, அடுத்து என், அப்ப 1981 நவம்பர், அவர் வாங்கினது 82ல, கணக்குச் சரி. 71ஆ 81ஆ எண்டு குழம்பினா மெசின் இலக்கம் சொல்லும்.

கண்ணப் பறிக்கிற செம்மஞ்சள், நீலம், பச்சை நிறத்தில புதுசு மாதிரி மின்னிற டயலோட பழைய சீக்கோ குறைஞ்ச விலைக்கு வந்தா அது இந்தியாவில பெயின்ட் அடிச்சு வந்த சாமானா இருக்கலாம், நிமிசக் கோடுகள் மணிப் பொட்டுக்கு நேர வராது, எழுத்தின்ட கால் தடிச்சிருக்கும், அடி இலக்கம் இருக்காது. கட்ட ஆசையெண்டா வாங்குங்க, பழுத்த டயல் விலை குடுக்காதீங்க. டயல்ல உள்ள ஒளிர்ற பொட்டு மஞ்சளாகி, கம்பியில உள்ளது வெள்ளையா இருந்தா ரெண்டில ஒண்டு மாத்தினது.

ஒளிர்ற பொட்டு உதிருது

1960களுக்கு முந்தின சுவிஸ் மணிக்கூடெண்டா இந்த இடத்தக் கவனமா வாசிங்க. அந்தக் காலத்தில ரேடியம் பூசினவங்க. இப்ப இருட்டில ஒளிராட்டியும் ரேடியம் அப்பிடியே இரிக்கு, அதின்ட அரை ஆயுள் 1600 வருசம், அதோட கலந்த பொஸ்பர், அதாவது ஒளிர்ற மருந்துதான் களைச்சுப் போனது. கம்பி கனகாலம் ஒரே இடத்தில நிண்டிருந்தா அந்த இடத்தில டயல்ல கம்பிட நிழல் மாதிரி ஒரு பொசுங்கின தடம் இருக்கும். அப்பிடிக் கண்டா வீட்டில திறக்காதீங்க, சுரண்டாதீங்க, அந்தத் தூள் மூச்சுக்குள்ள போகக் கூடாது. பிள்ளையள்ட கைக்கு எட்டாம வைங்க. டயல் அடியில சுவிஸ் எண்ட சொல்லுக்கு ரெண்டு பக்கமும் டி எழுத்திருந்தா அது ட்ரிட்டியம், அரை ஆயுள் 12 வருசம் சொச்சம், பழசு அநேகமா அடங்கியிருக்கும்.

கர கர எண்டு சத்தம், கிழமை மாறுறதில்ல

ரோட்டர்ச் சத்தமெண்டா பின்மூடியத் திறந்து உள்பக்கம் பாருங்க, பிறை மாதிரி உரசின தடம் இருந்தா ரோட்டர் ஆணி தளர்ந்திரிக்கு அல்லது அதின்ட குண்டுகள் தேய்ஞ்சிரிக்கு. ஆணிய இறுக்கிப் பாருங்க, கேக்காட்டி மாத்துங்க. அந்தத் தூள் உள்ளுக்குச் சுத்தித் திரிய விடாதீங்க.

கிழமையும் திகதியும் ராவு 9 மணிக்கும் விடிய 4 மணிக்கும் இடையில கையால மாத்தாதீங்க, அந்த நேரம் மெசின் தானே மாத்தத் தொடங்கியிருக்கும், ரெண்டும் இழுபட்டுப் பல்லு உடையும், சில சீக்கோவில அந்தப் பல்லு பிளாஸ்டிக். அரைவாசியில நிண்டு போன திகதிய இழுக்காம நேரத்த முன்னுக்குச் சுத்திக் கொண்டு போங்க.

எங்க வைக்கிறது

அலுமாரிக்குள்ள பூச்சி உருண்டையோட வைக்காதீங்க, அதின்ட ஆவி பிளாஸ்டிக்குக்கும் பூச்சுக்கும் கூடாது. காத்துப் போகாத பெட்டி, சிலிக்கா ஜெல், பக்கத்தில ஈரம் அளக்கிற சின்னக் கருவி, 45க்கும் 55 சதவீதத்துக்கும் இடையில நிண்டாப் போதும், அதுக்கும் கீழ போனாத் தோல் பட்டி வெடிக்கும். ஜெல் நிறம் மாறினா மெல்லிய சூட்டில காய வெச்சுத் திருப்பிப் போடுங்க, மாரியில எனக்கு ரெண்டு கிழமைக்கு ஒருக்கா வேண்டி வருது, கச்சான் காத்து வீசுற காலத்தில மாசக்கணக்கா நிக்கும். மாசத்தில ஒரு நாளாவது ஒவ்வொண்டையும் கட்டுங்க.

கடல் தண்ணி குடிச்சது

கடல் தண்ணியோ வாவித் தண்ணியோ உள்ளுக்குப் போனா நாளைக்கெண்டு விடாதீங்க, உப்பு ஒரு ராவைக்கே ஸ்பிரிங்கில துரு வெக்கும். அதே நாள் திருத்திற ஆளிட்டக் கொண்டு போய்க் கழட்டச் சொல்லுங்க.

கனகாலம் கழிஞ்சதெண்டா வேற மாதிரி. நாலஞ்சு வருசத்துக்கு முந்தி கல்லடியில ஒரு அக்கா ஒரு சிட்டிசன் ஓட்டோமெட்டிக் கொண்டந்தா, அவட புருசன்ட. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு வீடு இருந்த இடத்தில மண்ணுக்குள்ள கிடந்து எடுத்தது. மெசின் ஒரே துருக்கட்டி, ஒரு சில்லும் அசையாது. டயல்ல குறுக்கால ஒரு சேத்துக் கோடு, அதுக்குக் கீழ நிறம் சாம்பல், மேல இன்னும் கொஞ்சம் நீலம் தெரியும். ஓட வைக்கேலுமா எண்டு கேட்டா. வேற மெசின் போட்டா ஓடும் அக்கா, ஆனா இந்த டயலக் கழட்டக்குள்ள உடைஞ்சு போக இடமிரிக்கு எண்டு உள்ளதச் சொன்னன். அவ கொஞ்ச நேரம் கையில வெச்சுப் பாத்திட்டு, அப்ப ஓடத் தேவல்ல தம்பி, இன்னும் கெடாம மட்டும் பாருங்க எண்டா. காக்காட்டக் கொண்டு போனன். அவர் பின்பக்கத்தால மட்டும் திறந்து, உதிர்ற துருவ எடுத்து, உள்ளுக்குக் காய வெச்சு, புது வோசர் போட்டு மூடித் தந்தார், காசு வாங்கல்ல. டயலும் கம்பியும் இருந்த மாதிரியே இரிக்கு. வருசத்தில ஒருக்கா, மாரிக்கு முந்தி, அந்தப் பெட்டிக்கு ஜெல் மாத்திக் குடுத்திட்டு வருவன்.